ஏணி திரும்பிய முடக்கு

கர்ர்ர்ரென்று ஒரு சத்தம். இன்று காலை, தேங்காய் துருவிக்கொண்டிருந்த நேரம். இன்டர்நெற் வயர் இழுக்க வந்த பெடியன்கள் இரண்டு பேர் அலுமினிய ஏணி ஒன்றைக் கொங்கிறீற்று ஒழுங்கையில் இழுத்துக்கொண்டு வந்தார்கள். நிலத்தில் உரசிய சத்தம் முடக்கடியில் வந்து நின்றது. என் கையும் நின்றது. இனி ஒருவன் மற்றவனை ஏசுவான், இனி வேலியில் ஓலை முறியும், இனி ஒரு சிறுமி சிரிப்பாள் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கொளுக்கியை அழுத்தினார்கள். ஏணி தனக்குள்ளேயே இறங்கி அரைவாசியாகி, எதையும் தொடாமல் திரும்பிப் போய்விட்டது.

அரைவாசியாகிப் போன ஏணி. துருவிய தேங்காயை மூடி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். மதியச் சமையல் பிந்தட்டும்.

வேலி என்றால் என்னவென்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மதில்களுக்குப் பின்னால் பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். உயிருள்ள தடிகளை, கதியால் என்போம், வரிசையாக நட்டு, பின்னிய தென்னோலைக் கிடுகு கட்டி அடைப்பதுதான் வேலி. கதியால் வேர்விடும், துளிர்க்கும், பட்டும் போகும். பட்டதைப் பிடுங்கிப் புதியதை நடும்போது வேலி நாலு விரல் நடக்கும். எப்போதும் வெளிப்பக்கமாகவே நடக்கும். உட்பக்கம் நடந்த வேலியை எங்கள் ஊரில் யாரும் கண்டதில்லை.

இணுவிலில் எங்கள் ஒழுங்கை றோட்டிலிருந்து நேரே வந்து, ஒரு முடக்கில் அளந்து வைத்த செங்கோணமாகத் திரும்பும். முடக்கின் வெளிப்பக்கம் முழுவதும் எங்கள் வளவு, வீடும் காணியும். உட்பக்கம், அந்த மூலைக்குள், பெரியப்பாவின் வளவு. எங்கள் படலை, வேலியின் வாசற்கதவு, முடக்குக்கு இந்தப் பக்கம், அவர்களுடையது அந்தப் பக்கம். அப்பாவும் பெரியப்பாவும் பேசாமல் விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆறடி ஒழுங்கை நாலரை அடியாகியிருந்தது. அதில் எங்கள் வேலி நடந்தது எவ்வளவு, அவர்கள் வேலி நடந்தது எவ்வளவு என்பது கதியால்களுக்கு மட்டுமே தெரிந்த கணக்கு.

அப்பப்பா சாகுமுன் காணியைப் பிரித்தார், பனைகளைப் பிரித்தார், கிணற்றில் இறைக்கும் நாளைப் பிரித்தார். ஏணியை மட்டும் பிரிக்கவில்லை. பதினைந்து படி வைத்த மூங்கில் ஏணி அது. "ஒரு நுனி மூத்தவனுக்கு, ஒரு நுனி இளையவனுக்கு. ஆர் எடுத்தாலும் மற்ற வீட்டுக் கை ஒண்டு பிடிக்கவேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரே ஏணியைத் தூக்கும் சகோதரர்கள் பிரியமாட்டார்கள் என்று அந்த மனிதர் நம்பியிருக்க வேண்டும். அவர்கள் தகப்பன் சொல்லைத் தட்டவுமில்லை, ஏணியைத் தொடவுமில்லை. தங்கள் தங்கள் மகளை அனுப்பினார்கள்.

பெரியப்பாவின் மகள் என்னைவிட நான்கு மாதம் மூத்தவள். இருவருக்கும் பதினொரு வயது. அவள் உடுவிலுக்குப் படிக்கப் போனாள், நான் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு. கோயிலில் கண்டாலும் கதைக்கக்கூடாது. ஏணி போகும் நாளில் மட்டும் கதைக்கலாம். ஏணி இருக்கும் வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்குத் தூக்கிப் போகும் அந்தப் பத்து நிமிடம்தான் எங்கள் உறவு.

"அக்கா எண்டு சொல்லடி."

"நாலு மாதத்துக்கெல்லாம் அக்கா இல்லை."

"அப்ப என்னெண்டு கூப்பிடுவாய்?"

"இஞ்சேர் எண்டு."

"போடி விசரி" என்று முன்நுனியைத் தூக்குவாள். நான் பின்நுனி. எங்களுக்கிடையில் பதினைந்து படி.

மாரிக்கு முன் எல்லா வீட்டிலும் புது ஓலை வேயும் கூரை மேய்ச்சலும் வேலியடைப்பும் நடக்கும். ஊறப்போட்ட தென்னோலையின் புளித்த மணம் ஒழுங்கை முழுக்க நிற்கும். ஏணிக்கு ஓய்வில்லாத காலம் அது. அந்த வருடமும் ஏணி போய்வரும், போய்வரும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். முதல் நாளே முடக்கில் இறுகிவிட்டது.

"தள்ளடி!"

"தள்ளிப்போட்டன். இனித் தள்ளினால் உங்கடை மூலைக் கதியால் முறியும்."

முன்நுனி எங்கள் வேலியில் குத்தி நின்றது. பின்நுனியும் எங்கள் வேலியில்தான். நடு, அவர்களுடைய மூலைக் கதியாலில். இரண்டு பெரியவர்கள் பிடித்திருந்தால் நிமிர்த்தித் திருப்பியிருக்கலாம். வேலிக்கு மேலால் தூக்க எங்களுக்கு உயரமும் இல்லை, பலமும் இல்லை. பெரியவர்கள் இருவரும் தங்கள் தங்கள் படலையில் நின்றார்கள். முடக்கு மறைத்ததால் ஒருவரை ஒருவர் காணவேண்டிய சங்கடம் இருக்கவில்லை.

"கேள் பிள்ளை அவளிட்டை" என்றார் அப்பா, ஊருக்கே கேட்கும்படி. "உன்ரை அப்பர் மூலைக் கதியாலை எப்ப பின்னுக்கு எடுக்கிறாராம் எண்டு."

"சொல்லு பிள்ளை" என்றது மற்றப் பக்கம். "நான் நட்ட இடத்திலைதான் அது நிக்குது. நடந்து வந்தது ஆரின்ரை வேலியெண்டு தங்கடை பக்கத்தைப் பாக்கச் சொல்லு."

அவள் ஏணிக்குக் கீழால் குனிந்து என்னைப் பார்த்தாள். "கேட்டதோ?"

"கேட்டது."

"அப்ப சொல்லிப்போட்டன்."

சிரிப்பை அடக்க நான் கிடுகுக்குள் முகத்தைப் புதைத்தேன். இன்றைக்கும் கிடுகு வாசத்தில் எனக்குச் சிரிப்பு வரும்.

ஏணியை யாரும் எடுக்கவில்லை. முடக்கிலேயே கிடந்தது. மற்றவன் இழுத்துக்கொண்டு போய்விடுவான் என்ற பயத்தில் அப்பா என்னைக் காவல் வைத்தார். அதே பயத்தில் பெரியப்பா அவளைக் காவல் வைத்தார். பள்ளிக்கூட விடுமுறை. இரண்டு நாள், காலையிலிருந்து பொழுதுபடும் வரை, ஒருவரையொருவர் காவல் காக்க ஏவப்பட்ட இரண்டு பேர். எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் அதைவிட நல்ல உத்தியோகம் இல்லை.

இரண்டாம் நாள் அவள் பெரியம்மாவின் தையல் மெசின் லாச்சியை, அதன் இழுப்பறையை, கழற்றிக்கொண்டு வந்தாள். அடியில் மெல்லிய படையாக அரிசிமா தூவியிருந்தது. கையில் ஓர் ஈர்க்கு. அடிமட்டத்தால் ஏணியையும் ஒழுங்கையையும் அளந்து, ஓரடிக்கு அரை அங்குலம் என்று ஈர்க்கை நறுக்கியிருந்தாள்.

"இது ஏணி. லாச்சியின்ரை மூலை, உங்கடை வேலி முடக்கு. பார்."

ஈர்க்கை ஒரு சுவரோடு படுக்க வைத்தாள். ஒரு நுனி மூலையில். அந்த நுனியை மற்றச் சுவர் வழியே மெதுவாக ஏற்றினாள். மறுநுனி தன் சுவரை விடாமல் மூலையை நோக்கி வழுக்கி வந்தது. கடைசியில் ஈர்க்கு மற்றச் சுவரோடு நிமிர்ந்து நின்றது. அது உரசிய இடமெல்லாம் மா கலைந்து பலகை தெரிந்தது. தொடாத இடம் வெள்ளையாக நின்றது. இரண்டுக்கும் நடுவே ஒரு விளிம்பு. இரு முனையும் சுவரோடு ஊசிபோல ஒட்டி, நடு மூலையை நோக்கி வளைந்து.

"ஈர்க்கும் நேர், லாச்சியும் நேர்" என்றேன். "வளைவு எங்காலை வந்தது?"

"திரும்பேக்கை வந்தது."

ஒரு புளியங்கொட்டையை அளந்து வைத்தாள். அது அவர்களுடைய மூலைக் கதியால். மா இல்லாத இடத்தில் நின்றது. "அதுதான் இடிக்குது. இது மாவுக்குள்ளை போயிட்டால் ஏணி போகும். உங்கடை வேலி பின்னுக்குப் போனாலும் போகும். ஆனால் அதுக்கு முழு வேலியையும் பிடுங்க வேணும். எங்கடை மூலையிலை எண்டால் மூண்டு கதியால் காணும்."

"மூலையைக் குறுக்காலை நேரா வெட்டினால் என்ன? உந்த வளைவு ஏன்?"

"நேரா வெட்டினால் ஒரு பிடி மண் கூடப் போகும். அந்த ஒரு பிடிக்கும் என்ரை அப்பா வழக்குப் போடுவார்."

பிறகு ஈர்க்கின் நடுவில் தன் நெற்றிச் சாந்தைத் தொட்டு ஒரு புள்ளி வைத்து மறுபடி வழுக்கினாள். மாவில் அந்தப் புள்ளி வட்டத்தின் காற்பங்கைப் போட்டுக்கொண்டு போனது. நான் ஈர்க்கை வாங்கி இன்னொரு தரம் வழுக்கிப் பார்த்தேன்.

"நுனி ரெண்டும் நேராத்தான் போகுது" என்றாள். "நடு மட்டும் வட்டமாப் போகுது. நாங்கள் நுனிக்காரர்."

அன்று மாலை அந்த வளைவைக் கொப்பியிலிருந்து கிழித்த ஒற்றைத் தாளில் கீறி, பிடுங்கவேண்டிய மூன்று கதியாலுக்கும் சிவப்புப் பென்சிலால் புள்ளடி போட்டு என்னிடம் தந்தாள். ஏணி திரும்பாவிட்டால் எங்களுக்கு இனிப் பத்து நிமிடமும் இல்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் மத்தியானம், இரண்டு வீட்டுத் தகப்பன்மாரும் சாப்பிட்டுச் சரிந்த நேரம், அவள் குழி தோண்டும் அலவாங்கோடு வந்தாள். மூன்று கிளுவைக் கதியாலையும் கெல்லி எடுத்தோம். எடுத்த மண்ணை அள்ளிப் பார்த்தால் ஒரு சுளகை மூடும். வளைவின் மேல் அந்தக் கதியால்களையே திரும்ப நட்டாள், உள்ளே தள்ளி. பிறகு ஏணியைத் தூக்கினோம்.

அது போனது. எங்கள் வேலியில் இரண்டு நுனியும் உரசி, அவள் நட்ட கிளுவை இலையை நடு தடவி, ஓர் இலைகூடக் கிழியாமல், தண்ணீருக்குள் மீன் திரும்பியதுபோல ஏணி திரும்பியது. திரும்பியதும் அதைக் கொண்டுபோய் வைத்திருக்கவேண்டும். நாங்கள் வைக்கவில்லை. திரும்பக் கொண்டுவந்தோம். பிறகும் கொண்டுபோனோம். நான்கு தரம். கைவிரல்களில் மூங்கில் சிலாம்பு ஏறியது. என் வாழ்க்கையில் நான் செய்த எந்த வேலையும் அவ்வளவு சுத்தமாக முடிந்ததில்லை.

பின்னேரம் பெரியப்பா மூலையைக் கண்டார். ஒழுங்கை அதிர்ந்தது. எங்கள் வீடுதான் கூலிக்கு ஆள் வைத்துப் பிடுங்கியது என்று கத்தினார். அப்பா என்னைப் பார்த்தார். நான் எல்லோரையும் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு உள்ளே ஓடி அந்த ஒற்றையை எடுத்து வந்தேன். "இல்லை அப்பா, அவள் கணக்குப் பாத்துத்தான் செய்தவள். ஒரு சுளகு மண்தான். பாருங்கோ, எவ்வளவு வடிவாக் கீறியிருக்கிறாள்."

இந்த இடத்தை எழுதும்போது என் கையை நானே பிடித்து நிறுத்தவேண்டும்போல் இருக்கிறது.

அப்பா வளைவைப் பார்க்கவில்லை. சிவப்புப் புள்ளடிகளைப் பார்த்தார். மூன்றும் தமையனின் மூலையில் இருந்தன. ஒற்றையைத் தூக்கிப் பிடித்தபடி முடக்குக்குப் போனார். "உன்ரை மகளே கீறித் தந்திருக்கிறாள், பிழை ஆரின்ரை மூலையிலை எண்டு! இனி ஊர் சொல்லத் தேவையில்லை!"

மூன்று வருடத்துக்குப் பிறகு அப்பா தன் அண்ணையிடம் நேரே பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பெரியப்பா தன் படலைக்குள் திரும்பிப் போனார். சற்று நேரத்தில் அவர்கள் வளவுக்குள் அடி விழும் சத்தம் கேட்டது. அவள் அழும் சத்தம் கேட்கவில்லை. தன் காணியைத் தானே விட்டுக்கொடுத்தவள், அதுவும் எங்களுக்கென்று ஒரு கை மண்கூட அதிகம் போகாமல் வளைத்துக் கொடுத்தவள். அதை வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரும் அன்று ஒழுங்கையில் இருக்கவில்லை.

அடுத்த நாள் பெரியப்பா தச்சரைக் கூட்டி வந்தார். ஏணியை முடக்கில், சரி நடுவில், இரண்டு மரக்குற்றிகளில் வைத்தார்கள். அப்பா எங்கள் படலையில் நின்று "வெட்டட்டும்" என்றார்.

தச்சர் படிகளை எண்ணினார். வாளை எடுக்கவில்லை. "பதினைஞ்சு படி ஐயா. ஏழும் ஏழும் பதினாலு. நடுப்படி ஆருக்கு?"

"எனக்கு அவன்ரை படி வேண்டாம்" என்றார் பெரியப்பா.

"அவரின்ரை பிச்சை எனக்கும் வேண்டாம்" என்றார் அப்பா.

"ரெண்டு துண்டும் கூரைக்கு எட்டாது. பேந்து நான் சொல்லேல்லை எண்டு சொல்லாதேங்கோ" என்றார் தச்சர். நடுப்படிக்கு மேலும் கீழுமாக அறுத்தார். படி கழன்று மண்ணில் விழுந்தது. மூங்கில் தூள் அவள் கால்விரல்களில் படிந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கன்னத்தில் வீக்கத்தோடு அவள் குனிந்து அந்தப் படியை எடுத்துச் சட்டையில் துடைத்தாள். யாரும் தடுக்கவில்லை. அது யாருக்கும் சொந்தமில்லாத படி.

ஐப்பசியில் மழை பிடித்தது. அவர்கள் குசினிக் கூரை மேயப்படாமல் கிடந்தது. ஒரு காலை, மழை சற்று விட்ட நேரம், பெரியப்பா தன் பங்கு ஏணியை உரலைக் கவிழ்த்து அதன் மேல் வைத்து ஏறினாராம். நாங்கள் கேட்டது ஒரு மொத்தென்ற சத்தம். பிறகு பெரியம்மாவின் குரல்.

அப்பா படலையால் போகவில்லை. எங்கள் வேலியைக் கையால் கிழித்துக்கொண்டு ஒழுங்கைக்கு இறங்கினார். அவர்கள் வேலியையும் கிழித்துக்கொண்டு ஏறினார். மார்பிலும் கையிலும் முள் இழுத்த இரத்தம். ஒரு கதியாலுக்கும் அசையாத மனிதர் எத்தனை கதியாலைப் பிடுங்கினார் என்று அன்று யாரும் எண்ணவில்லை.

முறிந்த முதுகோடு பெரியப்பாவைக் கட்டிலோடு தூக்கிப் போனார்கள். அசைக்கக்கூடாது, சரிக்கக்கூடாது. முன்னால் அப்பா, பின்னால் அயலவர். முடக்கில் கட்டில் எதிலும் இடிக்காமல் திரும்பியது. அவள் வெட்டிய வளைவுக்குள்ளால் திரும்பியது. நான் கண்டேன். வாசலில் நின்று அவளும் கண்டாள்.

பதினாறு நாள் இருந்தார். அப்பா ஆசுப்பத்திரியை விட்டு அசையவில்லை. அண்ணை தம்பியோடு பேசியது ஒரே ஒரு தடவை என்று அப்பா தான் சாகக் கிடந்தபோது எனக்குச் சொன்னார். "ஏணி சின்னனாப் போச்சடா தம்பி." அவ்வளவுதான். குற்றம் சாட்டியதா, மன்னித்ததா என்று அப்பா கடைசிவரை என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த மேய்ச்சல் காலத்தில் அப்பா எங்கள் வேலி முழுவதையும் பிடுங்கி இரண்டடி உள்ளே நட்டார். ஊர் முதன்முதலாக உட்பக்கம் நடந்த வேலியைக் கண்டது. இப்போது ஓட்டோகூட முடக்கில் திரும்பும். பெரியப்பாவின் வளவில் யாரோ மதில் கட்டிக் குடியிருக்கிறார்கள்.

உயர்தரம் படிக்கும்போது எங்கள் கணக்கு வாத்தியார் ஒருநாள் கரும்பலகையில் நான்கு கூர் கொண்ட ஒரு நட்சத்திரத்தைக் கீறினார். சுவரில் சாய்ந்த ஏணி வழுக்கும்போது அதன் எல்லா நிலைகளும் சேர்ந்து தொடும் விளிம்பு இது என்றார். ஒரு பக்கத் தூரத்தின் கனமூலத்தை வர்க்கி, மற்றப் பக்கத் தூரத்தின் கனமூலத்தை வர்க்கி, இரண்டையும் கூட்டு. ஏணி நீளத்தின் கனமூலத்தை வர்க்கித்தால் வருவதும் அதுவேதான் என்றார். சமன்பாடு ஒரு வரி. பழைய வளையி, பல நூறு வருடமாகப் பெரிய தலைகள் ஆராய்ந்தது என்றார். நான் மேசையில் தலையைக் கவிழ்த்தேன். காய்ச்சலோ என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். ஒரு லாச்சியும் ஒரு பிடி மாவும் வைத்து அதன் கால்வாசியை ஒரு பதினொரு வயதுக்காரி கண்டுபிடித்தாள், அதற்கு அடி வாங்கினாள் என்று யாரிடம் சொல்வது?

அவளிடம் சொல்லியிருக்கலாம். அவள் எங்கே என்று தெரிந்திருந்தால். பெரியம்மாவின் சகோதரங்கள் எங்கள் முகத்தில் முழிக்கவில்லை. கடிதங்கள் திரும்பி வந்தன. பிறகு சண்டையில் சனம் ஊர் விட்டு ஊர் ஓடிய காலம். ஒருவர் கனடா என்றார். ஒருவர், இல்லை, அவள் கப்பலேறவேயில்லை என்றார். நான் இரண்டையும் நம்பாமல் வயதாகிவிட்டேன்.

பெரியப்பாவின் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் பெரியம்மாவின் தமையன் சாவகச்சேரியிலிருந்து கார் கொண்டுவந்தார். கார் றோட்டில் நின்றது. பெட்டிகளைத் தலையில் வைத்துத் தூக்கிப் போனார்கள். மழை ஊறிய மண்ணில் காலடிகள். நான் முடக்கில் எங்கள் வேலியோடு ஒட்டி நின்றேன், என்னை யாரும் காணாதபடிக்கு. அவள் கடைசியாக வந்தாள். பள்ளிக்கூடப் பையிலிருந்து அந்த நடுப்படி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே தள்ளி நட்ட மூன்று கிளுவையும் துளிர்த்திருந்தன. அவள் நின்று ஒரு துளிரைத் தொட்டுப் பார்த்தாள்.

ஒற்றையை ஏன் காட்டினாய் என்று கேட்பாள் என்று நினைத்தேன். றோட்டிலிருந்து பெரியம்மா கூப்பிட்டார். அவள் என்னைப் பார்த்தாள். அழுது அழுது வீங்கிய கண்ணுக்குள் ஒரு கேள்வி மட்டும் உலராமல் இருந்தது.

"எங்கடை கணக்குப் பிழைக்கேல்லைத்தானே? ஏணி திரும்பினதுதானே?"

"ஓம் அக்கா."